சிப்பாய்த் தொப்பியின் தகட்டம்மா

பதுளைக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு தகட்டைப் பார்க்க. தபால் அட்டை அளவில் ஒரு பித்தளைத் தகடு. அது அம்மன்தானா, இல்லை இருநூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரச் சிப்பாயின் தொப்பியில் இருந்து கழன்று விழுந்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்காகக் கடல் தாண்டிப் போகிறவள் உலகத்தில் நீ ஒருத்திதான் என்றார் என் வீட்டுக்காரர். அவரை நான் பொருட்படுத்தவில்லை. முப்பது வருஷமாக ஒரு அருங்காட்சியகத்தின் பின்னறையில் அடுத்தவர்களின் பித்தளையைத் துடைத்துத் துடைத்து எனக்குப் பக்தி குறைந்துவிட்டது, பித்தளைமேல் மரியாதை கூடிவிட்டது.

என்னைக் கூப்பிட்டவள் ஜெசிந்தா. திருச்சியில் என்னோடு கல்லூரியில் படித்தவள், பதுளைக்காரி. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் போனில் சொன்ன கதை இதுதான்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே லயத்து ஜனங்கள், கொழுந்து பறிக்கிற குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக ஒரு தகட்டை அம்மனாகக் கும்பிடுகிறார்கள். முப்பத்தைந்து வருஷம் முன்னால், ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், ரவி என்று ஒரு பையன் மலையில் ஒளிந்திருந்தான். ஜீப்பில் வந்தவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவே இல்லை. காட்டிக் கொடுத்தவன் மாரியப்பன் என்று பேச்சு வந்தது. மாரியப்பன் ஈரத்துணியோடு அந்தத் தகட்டின்மேல் கை வைத்து, நான் இல்லை என்று சத்தியம் செய்தார். லயம் அதை ஏற்றுக்கொண்டது.

இப்போது அந்தத் தகடு தொப்பித் தகடு என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. தொப்பி என்றால் அதன்மேல் செய்த சத்தியம் என்ன ஆகும்? மாரியப்பன் செத்து எட்டு வருஷம் ஆகிறது. அவர் மனைவி ராசமணி ஜெசிந்தாவிடம் வந்து, விஷயம் தெரிந்த ஆள் யாரையாவது கூட்டி வாருங்கள் டீச்சர் என்று அழுதிருக்கிறார். ராசமணியின் மகன் ஜெசிந்தாவிடம் படித்தவன்.

நான் பொய் சொல்ல மாட்டேன், தெரியுமில்லையா என்றேன். தெரியும், அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன் என்றாள்.

முதல் நாள் ரயில். கொழும்புக்கு வேலையாக வந்திருந்த ஜெசிந்தா என்னோடு ஏறிக்கொண்டாள். பதுளைதான் கடைசி ஸ்டேஷன், தண்டவாளம் அதற்குமேல் கிடையாது, தூங்கினாலும் பயமில்லை என்றாள். நான் தூங்கினேன். விழித்தபோது ரயில் நின்றிருந்தது. ஹப்புத்தளை. முன்னால் எங்கோ மண் சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டதாம். எங்கள் ஊரில் ரயில் நின்றால் அரை மணி நேரம் ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டுவோம். இங்கே ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

அந்த பஸ் வளைந்த வளைவில் என் குடல் வாய்க்கு வந்தது. பின்சீட்டில் இரண்டு சிங்களப் பெண்கள் என்னைப் பார்த்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். ஜெசிந்தா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "இந்தம்மா மலைக்குப் புதுசு, கம்பியைப் பிடிக்கிற பிடியைப் பாரேன், விட்டா பஸ்ஸே விழுந்துடும்னு நெனைக்கிறா." அடுத்த வளைவில் அதே பெண்களில் ஒருத்தி ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். முகர்ந்துகொண்டே பண்டாரவளை வரை வந்து சேர்ந்தேன்.

அங்கே கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும். வெங்காயத்தையும் மிளகாயையும் மாசிக் கருவாட்டோடு இடித்த அந்தச் சம்பல் வயிற்றை ஒரே நிமிஷத்தில் சரி செய்துவிட்டது. குடிக்கச் சாயத்தண்ணி, அதாவது பால் இல்லாத டீ. கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை, கோப்பைக்குள் மட்டும் தூள் கலங்கிய தண்ணீர். நல்லதெல்லாம் கப்பலில் போய்விடும், இது எங்களுக்கு மிஞ்சினது என்றாள் ஜெசிந்தா. அவள் அப்பாவும் தோட்டத்தில் பிறந்தவர்தான்.

இரண்டாம் நாள் முழுக்க மழை. தோட்டத்துக்குப் போகும் ரோடு வழுக்கும், நாளை போகலாம் என்று பதுளையிலேயே இருந்துவிட்டோம். கையில் கொண்டுபோன படங்களை மேஜையில் பரப்பி ஜெசிந்தாவுக்கு விளக்கினேன். நெப்போலியனோடு ஐரோப்பாவே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாய்க்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்து வைத்த மாதிரி நெட்டையாக, கறுப்பாக இருக்கும். முதலில் மெருகேற்றிய தோலில் செய்தார்கள், பிறகு கம்பளி நூலை அழுத்திச் செய்த கெட்டித் துணியில். முன்னால் வெயில் மறைக்க ஒரு விளிம்பு, மேலே வெள்ளையும் சிவப்புமாக ஒரு குஞ்சம், நெற்றிக்கு மேலே ஒரு பித்தளைத் தகடு. ஆளை உயரமாகக் காட்டும், அதுதான் அதன் முக்கியமான வேலை. மழையில் நனைந்தால் கனக்கும், வெயிலில் மண்டையை வேகவைக்கும். இந்த ஊரிலும் அதையேதான் போட்டிருந்தார்களா, லேசாக வேறு ஏதாவது வைத்திருந்தார்களா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் தொப்பியோ அதன் தகடோ இங்கே வந்திருக்க எல்லா நியாயமும் உண்டு. கண்டி ராஜ்யம் விழுந்து, பிறகு இந்த மலைப் பிரதேசமான ஊவாவில் ஜனங்கள் கலகமாக எழுந்தபோது அவர்களை அடக்க வந்த பட்டாளம் பதுளையில்தான் கூடாரம் போட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர், சிங்களவர். மழைக்குப் பேச்சுத் துணை தேடி வந்தவர் படங்களைப் பார்த்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு படமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை ஜெசிந்தா எனக்குத் தமிழில் சொன்னாள். "இந்தத் தொப்பிக்காரங்கதான் வந்து எங்க ஆளுங்களோட நெல்லை எரிச்சாங்க, மாட்டைக் கொன்னாங்க, பலா மரத்தையெல்லாம் வெட்டிப் போட்டாங்க. எங்க வீட்டுல இன்னும் அதைச் சொல்லித்தான் புள்ளைங்களுக்குச் சோத்தோட அருமையைக் காட்டுவோம்." அந்தப் பட்டாளத்தில் மெட்ராஸிலிருந்து வந்த சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். படத்தை மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அருங்காட்சியகத்தில் இந்த மாதிரித் தகட்டுக்கு நான் எழுதுகிற சீட்டில் அளவும் எடையும் இருக்கும். பலா மரம் இருக்காது.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. ஆட்டோவில் கிளம்பினோம். பாதி ஏற்றத்தில் அது இருமி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, கொஞ்சம் கனம் குறைந்தால் ஏறும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டு இறங்கினேன். நானும் ஜெசிந்தாவும் தள்ள, ஆட்டோ ஏறியது. பிறகு எங்களை ஏற்றிக்கொள்ள நிற்காமல் மேட்டின் உச்சி வரை போய் நின்று ஹாரன் அடித்தது. மீதி மலையை நடந்தே ஏறினோம்.

லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அடுக்கிய ஒற்றை அறை வீடுகள். நான் பார்த்த லயத்தின் சுவரில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. மலை மெல்ல நகர்கிறது, எல்லோரையும் கீழே புது வீடுகளுக்கு மாற்றப் போகிறார்கள். அங்கே ஒரு சின்னக் கோயிலும் கட்டியிருக்கிறார்கள். தகடு அங்கே போகுமா, இங்கேயே கிடக்குமா என்பதற்கும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தின் பெயரை எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

எங்களை முதலில் வரவேற்றவர் தொழிலாளர் சங்கத்தின் தோட்டத் தலைவர் சிவலிங்கம். அறுபது வயது, நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. காணாமல் போன ரவியின் அண்ணன் இவர்தான். நாற்காலி போட்டார், எனக்கென்று டவுனிலிருந்து பால் வாங்கி வரச் சொல்லியிருந்தார். நீங்க எந்த ஊரு என்று கேட்டார். துறையூர்ப் பக்கம் என்றேன். எங்க பாட்டனும் அந்தப் பக்கம்தான் என்று முகம் மலர்ந்தார். எனக்கும் ஆச்சரியம்தான். கடல் தாண்டி, மலை ஏறி, எங்கள் சித்தப்பா மாதிரியே பேசுகிற ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

தகடு தொப்பியினுடையது என்று முதலில் சொன்னவரும் அவர்தான். கொழும்பில் வேலை செய்கிற அவர் மகள் போனில் ஒரு படம் பார்த்திருக்கிறாள். அந்தப் படத்தை எனக்கும் காட்டினார். "இது வெறும் தொப்பித் தகடுதான்னு நீங்க எழுதித் தந்துட்டீங்கன்னா நல்லதுங்க டீச்சர்," என்றார். ஜெசிந்தாவோடு வந்ததால் நானும் டீச்சர் ஆகியிருந்தேன். தம்பியைப் பறிகொடுத்தவர், பொய்ச் சத்தியத்தால் ஏமாந்துவிட்டோமோ என்று தவிக்கிறார் என்று நினைத்தேன். அவர்மேல் எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது.

ராசமணி அக்கா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம்தான் வந்தார். தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபோது, உச்சியில் கூடைக் கயிறு பதிந்து முடியே முளைக்காத ஒரு தடம் தெரிந்தது. நாற்பது வருஷத் தடம். தோல் தொப்பி போட்ட அந்தச் சிப்பாய்களின் நெற்றியிலும் ஒரு தடம் விழுந்திருக்கத்தான் வேண்டும். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

தகட்டைப் பார்க்கலாமா என்றேன். பார்க்கலாம், ஆனால் குளிக்கணும் என்றார்.

அங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. தகட்டைத் தொடுகிறவர் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடுதான் தொட வேண்டும். தொட்டாலே சத்தியம் செய்ததாக அர்த்தம். தொட்ட கை காய்வதற்குள் அந்த ஆள் சொல்வதெல்லாம் அம்மனுக்கு முன்னால் சொன்னது. அப்போது பொய் சொன்னால் கை விளங்காமல் போகும். அதனால் தினமும் விளக்கி வைக்கிற ராசமணி அக்காவைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. அவரும் தொடும்போது வாய் திறப்பதில்லை.

பதுளைத் தண்ணீர் எங்கள் ஊர்த் தண்ணீர் மாதிரி இல்லை. மலை ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் இருந்து ஒரு வாளி தலையில் கவிழ்த்ததும் எனக்கு மூச்சு நின்று வந்தது. லயத்துப் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள், ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். பல் தந்தியடிக்க, ஈரப் புடவையோடு அம்மன் கொட்டகைக்குள் போனேன். ஜெசிந்தா வேதக்காரி, வாசலோடு நின்றுகொண்டாள். சிவலிங்கமும் வெளியில்தான் நின்றார்.

மஞ்சளையும் குங்குமத்தையும் ராசமணி அக்கா கழுவியதும் தகடு தெரிந்தது. மேலே கிரீடம். கீழே நடக்கிற சிங்கம். நடுவில் வட்டமாக ஒரு வெற்றிடம். சுற்றிலும் விசிறியாக விரிந்த ஈட்டிகளும் கொடிகளும். பார்த்த மாத்திரத்தில் எனக்குச் சகலமும் விளங்கிவிட்டது. மழைத் தண்ணீர் வடியக் கான் வெட்டும்போது மண்ணிலிருந்து இதை எடுத்தவர், கடல் தாண்டிப் பிழைக்க வந்த ஒரு மனிதர், வேறு என்னவென்று நினைத்திருப்பார்? சிங்கம் யாருடைய வாகனம் என்று அவருக்குத் தெரியும். கிரீடம் இருக்கிறது, கை கொள்ளாத ஆயுதங்கள் இருக்கின்றன. நடுவில் அம்மா இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அது பார்க்கிறவன் குறை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

மூலைகளில் ஜோடி ஜோடியாகச் சின்ன ஓட்டைகள் இருந்தன. தொப்பியில் வைத்துத் தைப்பதற்காக விட்டவை. அவற்றில் மஞ்சள் கயிறு கோத்திருந்தார்கள். தகட்டைத் திருப்பினேன். மெல்லிய பித்தளை, அச்சில் வைத்து அழுத்தியது. முன்பக்கம் புடைத்ததெல்லாம் பின்பக்கம் குழிந்திருக்கும். முன்பக்கம் தேய்ந்துபோன நடு வட்டம் பின்பக்கம் அப்படியே இருந்தது. ஜார்ஜ் என்ற ராஜாவின் பெயருக்கான இரண்டு எழுத்துகள், ஒன்றோடு ஒன்று பின்னி, இடம் வலம் மாறித் தெரிந்தன. சந்தேகமே இல்லை.

வெளியே வந்ததும் சிவலிங்கம், என்னங்க டீச்சர் என்றார். என் கை ஈரமாக இருந்தது. நாளைக்கு எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன் என்றேன்.

அன்று ராசமணி அக்கா வீட்டில்தான் சாப்பாடு. பருப்பும் முட்டைக்கோசும், சுட்ட கருவாடும். அவர் எனக்குப் பரிமாறிக்கொண்டே, தன் வாழ்க்கையைப் பற்றி அல்லாமல் அடுத்த வீட்டுக்காரி கதையைச் சொல்வது போலச் சொன்னார். ரவி ஒளிந்திருந்தது மேல்மலையில், தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்திகள் வைக்கிற பழைய குடிசையில். அந்த இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அண்ணன் சிவலிங்கம். இன்னொருவர் சோறு கொண்டுபோய்க் கொடுத்த கூட்டாளி மாரியப்பன். ஜீப் முதலில் சிவலிங்கத்தைத்தான் கொண்டுபோனது. மூன்றாம் நாள் முகமெல்லாம் வீங்கி நடந்து வந்து சேர்ந்தார். அன்றைக்கே ரவியைப் பிடித்தார்கள். அண்ணன் காட்டிக் கொடுப்பானா என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை. அதே மூன்றாம் நாள் மாரியப்பன் மண்ணெண்ணெய் வாங்க டவுனுக்குப் போயிருந்தார், அங்கே யாரோடோ நின்று பேசியதைப் பார்த்த ஆள் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

சத்தியம் செய்த பிறகு லயம் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் அவர் பக்கத்து இலை மட்டும் கடைசியில்தான் நிறையும். "சாகுற வரைக்கும் இந்தக் கையை அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்த்துக்குவாரு டீச்சர். பாரு ராசமணி, கை நல்லாத்தானே இருக்கும்பாரு." இதைச் சொன்னபோதுதான் அவர் குரல் உடைந்தது. நாளைக்கு நான் சொல்லப் போவது அந்தக் கையை இரண்டாம் முறை சாகடிக்கும் என்று நினைத்தேன். அவரிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் இன்னொரு கரண்டி சோறு வைத்து, நீங்க பார்த்ததைச் சொல்லுங்க என்றார்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குப் பெரட்டுக் களத்தில் கூட்டம். தினமும் விடியலில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம் அது. பரேடு என்ற பட்டாளத்து வார்த்தைதான் தோட்டத்தில் பெரட்டு ஆயிற்று என்று ஜெசிந்தா வழியில் சொன்னாள். சிப்பாய் போன பிறகும் அவன் வார்த்தை மட்டும் இவர்களைத் தினமும் வரிசையில் நிற்க வைத்துக்கொண்டிருக்கிறது. அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். தகட்டை வாழையிலையில் வைத்து ஒரு ஸ்டூலின்மேல் வைத்திருந்தார்கள். ராசமணி அக்கா பக்கத்தில் நின்றார், தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பார்த்ததைச் சொன்னேன். மரக்கால் மாதிரித் தொப்பியைச் சொன்னேன், அதைப் போட்டவர்களைச் சொன்னேன். பாதிப் பேர் வீட்டில் வழியில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்த பையன்கள், காய்ச்சலில் இங்கேயே செத்தவர்களும் உண்டு என்றேன். அவர்கள் இந்த ஊர்க்காரர்களின் நெல்லை எரித்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, கையில் பூவோடு வந்திருந்த பெண்கள் அதை மடியில் மறைத்துக்கொண்டார்கள்.

"அப்ப அந்தச் சிங்கம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது அவங்க ராஜாவோட சிங்கம். கிரீடமும் அவரோடதுதான்."

"நடுவுல இருக்கறது யாரு?"

"ராஜா பேரு ரெண்டெழுத்து இருந்துச்சு. தேஞ்சுபோச்சு," என்றேன். புளி போட்டுத் தேய்த்தது நாங்கதான் என்றார் ராசமணி அக்கா, யாரையும் பார்க்காமல்.

சிவலிங்கம் எழுந்து முன்னால் வந்தார். ஒரு பெரிய சுமையை இறக்கி வைத்தவர் போல இருந்தது அவர் முகம். தலைவர் குரலில் பேசினார். டீச்சர் படித்தவங்க, சொல்லிட்டாங்க. இது வெறும் தொப்பித் தகடு. இதுக்குச் சக்தியும் இல்லை, இதன்மேல் யார் என்ன சொல்லியிருந்தாலும் அதுக்கு மதிப்பும் இல்லை. புதுக் கோயிலுக்குப் புதுச் சிலை வரட்டும், இது இங்கேயே கிடக்கட்டும். மாரியப்பன் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. எல்லோரும் ராசமணி அக்காவைத்தான் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் இலையோடு தகட்டைத் தூக்கிக்கொண்டு சிவலிங்கத்தின் முன்னால் போய் நின்றார்.

"வெறும் தகடுன்னு நீங்களே சொல்றீங்கண்ணே. அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. ஒரே ஒரு தரம் இதுமேல கை வச்சு, ரவியை நான் சொல்லலன்னு சொல்லிடுங்க. எங்க வீட்டுக்காரரு சொன்னதும் தகட்டுமேல, நீங்க சொல்றதும் தகட்டுமேல. ரெண்டும் சரியாப் போயிரும்."

சிவலிங்கம் சிரிக்கப் பார்த்தார். இது என்ன விளையாட்டு என்பது போல என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். நன்றாகத்தான் நீட்டினார். தகட்டுக்கு ஒரு சாண் மேலே அந்தக் கை நின்றுவிட்டது. அவர் மறுபடியும் முயன்றார். கை இறங்கவில்லை. அது தொப்பித் தகடு என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அவருக்கும் இருந்திருக்காது. ஆனாலும் முடியவில்லை.

கையை இழுத்து மற்றக் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு நாளு அடிச்சாங்க ராசமணி," என்றார். தலைவர் குரல் போய்விட்டிருந்தது. "ரெண்டு நாளு தாங்கிட்டேன். மூணாம் நாளு தாங்க முடியல."

ஒரு கிழவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த மனிதரை வெறுக்க வேண்டும் போல இருந்தது, முடியவில்லை. முப்பத்தைந்து வருஷம் அவர் இந்த லயத்தில், இந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டே எழுந்து படுத்திருக்கிறார். அது வெறும் பித்தளை என்று யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார். நான் வந்து சொன்னேன். அது அவருக்கு உதவவில்லை.

ராசமணி அக்கா தகட்டை இலையோடு மறுபடி ஸ்டூலில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். கூட்டமும் அதற்குத்தான் காத்திருந்தது.

"அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாம்ணே," என்றார்.